செடியோட அமினோ அமில ஜீன் எல்லாம் சயனோபாக்டீரியா குடுத்த சொத்தா?

பாசிப்பையன்:
களைக்கொல்லி பத்தின இழையில ஆரம்பிச்சது, இங்க தனியா பேசலாம். கிளைஃபோசேட்ங்கற களைக்கொல்லி முடக்குற அந்த ஷிகிமேட் பாதை (சில அமினோ அமிலங்களைச் செய்யற வேதிவினை வரிசை) செடியில குளோரோபிளாஸ்டுக்குள்ளதான் ஓடுது, லைசின், லியூசின் மாதிரி வேற அமினோ அமிலங்கள் கூட அங்கதான் தயாராகுது, குளோரோபிளாஸ்டே ஒரு காலத்துல செடியோட மூதாதை செல்லுக்குள்ள குடிவந்த, ஒளிச்சேர்க்கை செய்யற சயனோபாக்டீரியாதானே, அப்ப அந்த ஜீன்களும் அதோடதுதான். இதுல என்ன சந்தேகம்?

மண்புழு:
சந்தேகம் நிறைய இருக்கு பாஸ். ஒரு வீட்டு அடுப்படியில சமைக்கிறவங்க எல்லாரும் அந்த வீட்டுலயே பொறந்தவங்களா? இந்த அமினோ அமிலங்களைச் செய்யற என்சைம் எல்லாத்துக்கும் செடியில ஜீன் இருக்கறது நியூக்ளியஸ்ல, புரோட்டீன் வெளிய தயாராகி, முன்னாடி ஒட்டியிருக்கிற சின்ன முகவரித் துண்டை வச்சு உள்ள போகுது. அந்தத் துண்டு சேர்ந்துட்டா எந்த ஊர் ஜீனும் உள்ள வேலை பாக்கலாம். 2012ல ரெயஸ்-பிரியட்டோ, முஸ்தஃபான்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த என்சைம்களுக்கு வம்சமரம் போட்டுப் பாத்தாங்க, பெரும்பாலானது சயனோபாக்டீரியா வழி இல்லன்னுதான் வந்துச்சு.

பாசிப்பையன்:
பார்ஃபைரான்னு ஒரு சிவப்புப்பாசி இருக்கு, அதோட குளோரோபிளாஸ்ட் டிஎன்ஏவுலயே டிரிப்டோஃபேன், ஆர்ஜினின்ங்கற அமினோ அமிலங்களைச் செய்யற ஜீன் சிலது இன்னும் உக்காந்திருக்கு. அது எங்கேர்ந்து வந்துச்சாம்? 2002ல மார்ட்டின்ங்கற விஞ்ஞானியோட குழு அராபிடாப்சிஸ்ங்கற ஆய்வுச் செடியோட ஜீன்கள்ல சுமார் 18% சயனோபாக்டீரியா வழின்னு சொன்னதையும் சேத்துக்கோங்க.

மண்புழு:
சிலது வந்துச்சு, அதை யாரு மறுத்தா? "எல்லாம்"ங்கறதுதான் தகராறு. அந்த 18% மொத்த ஜீனோமுக்கு, அதுலயும் நிறைய புரோட்டீன் குளோரோபிளாஸ்டுக்கு வெளிய வேலை பாக்குது. வேலை பாக்கற இடத்தை வச்சு ஜீனோட பூர்வீகத்தைச் சொல்ல முடியாதுன்னு ஆகுது, அது உங்க கட்சிக்கே எதிரா இருக்கே!

கத்திரிக்கா:
நடுவுல வரேன். லைசின் பாதையில செடி ஒரு குறுக்குவழி என்சைம் வச்சிருக்கு, 2006ல கண்டுபிடிச்சாங்க, அது சயனோபாக்டீரியாவுல இருக்கு, கிளமிடியான்னு ஒரு நோய்க்கிருமி பாக்டீரியாவுலயும் இருக்கு. யாரு யாருக்குக் குடுத்தான்னு இன்னும் அடிதடிதான் 😄

பாசிப்பையன்:
அதத்தான் நானும் சொல்றேன். நூறு கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு, பாக்டீரியாக்கள் தங்களுக்குள்ள ஜீனை மாத்திக்கிட்டே இருக்கும், அன்னிக்கு உள்ள வந்ததே ஒரு கலவையா இருந்திருக்கலாம், இன்னிக்கு இருக்கிற சயனோபாக்டீரியாவோட ஒத்துப்போகலன்னா உடனே வெளியாள்னு முத்திரை குத்துறதா?

மண்புழு:
இந்தச் சாக்கு வச்சா எந்த மரம் வந்தாலும் நீங்க ஜெயிச்சிடுவீங்க. சரி, அமோனியாவைப் பிடிக்கிற என்சைம் ஜோடியைப் பாருங்க: ஃபெரிடாக்சின் குளுட்டமேட் சிந்தேஸ் சயனோபாக்டீரியா வழி, உங்களுக்கே விட்டுடறேன். பக்கத்துலயே நிக்கிற குளுட்டமின் சிந்தடேஸ், நம்ம பூக்கும் செடிகள்ல, சைட்டோசால்ல (குளோரோபிளாஸ்டுக்கு வெளிய இருக்கிற செல் திரவம்) வேலை பாக்குற என்சைமுக்கான செடியோட சொந்த ஜீன் ரெட்டிப்பாகி குளோரோபிளாஸ்டுக்குள்ள அனுப்பின பிரதி. இதுக்கு எந்தக் கலவையைக் காட்டப்போறீங்க?