பழைய கெரிஸ் அலகில் துரு, உதவி தேவை

நண்பர்களே, ஜாவாவின் சோலோ நகரில், திரிவிந்து சந்தையில் வாங்கிய பழைய கெரிஸ் (ஜாவாவின் மரபான குத்துவாள்) ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒன்பது வளைவு, அலகு முழுக்கச் செந்துரு. அடிப்பக்கம் விரல் அகலத்துக்கு மட்டும் துரு இல்லை. அங்கே கருத்த இரும்புக்குள் வெள்ளி நூல் ஓடுவதுபோல் பாமோர் கோடுகள் (இரும்போடு நிக்கல் உள்ள உலோகத்தைச் சேர்த்து அடித்ததால் அலகில் வரும் வடிவம்) தெரிகின்றன. அதைப் பார்த்ததிலிருந்து மிச்சத்தையும் மீட்டுவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

உப்புத்தாள் போட மாட்டேன், பாமோரும் சேர்ந்து தேய்ந்துவிடும். ஜாவாவில் தேங்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, எலுமிச்சைச் சாறு, பூந்திக்கொட்டை நுரை போட்டு அலகு வெளுக்கும்வரை தேய்ப்பார்கள். அப்புறம் ஆர்செனிக் கலந்த எலுமிச்சைச் சாற்றைப் பூசுவார்கள். இரும்பு கருத்துவிடும், நிக்கல் உள்ள பாமோர் வெள்ளையாகவே நிற்கும். ஆர்செனிக் கொடிய விஷம். வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் அந்த வேலையை நானே செய்யப்போவதில்லை.

செய்து பழகியவர்கள் சொல்லுங்கள். தேங்காய்த் தண்ணீரில் எத்தனை நாள் வைக்கலாம், தினமும் மாற்ற வேண்டுமா? மரப்பிடி துருவில் இறுகிக் கிடக்கிறது, மரம் பிளக்காமல் எப்படிக் கழற்றுவது? துருவை எடுத்துவிட்டு, ஆர்செனிக் பூசாமல் எண்ணெய் மட்டும் தடவி வைத்தால் தாங்குமா? சோலோ, யோக்யகர்த்தா பக்கம் இதை முறையாகச் செய்பவர்களைத் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.