செல்சுவர் ‘இன்டெக்ரிட்டி’: ஒருமைப்பாடா, உறுதியா?

வணக்கம்.

ஈஸ்ட் மரபியல் சொற்பட்டியலில் ‘செல் வால் இன்டெக்ரிட்டி பாத்வே’ என்பதற்குச் ‘செல்சுவர் ஒருமைப்பாட்டுப் பாதை’ என்று இருக்கிறது. சுவரில் பழுது வந்தால் உணர்ந்து, சரிசெய்யத் தூண்டும் சமிக்ஞை அமைப்பு அது. ஒருமைப்பாடு தேசத்துக்குச் சரி, சுவருக்கு ஒட்டவில்லை. ‘செல்சுவர் உறுதி’ என மாற்றலாமா? அந்தப் பாதையைச் சேர்ந்த எஸ்எல்டி2 மரபணுவை நீக்கிய ஈஸ்ட் 37 பாகை செல்சியசில் வெடித்துச் சாகிறது. ஊடகத்தில் 1 மோலார் சார்பிட்டால் (ஒரு சர்க்கரை ஆல்கஹால்), அதாவது லிட்டருக்கு 182 கிராம், சேர்த்தால் பிழைக்கிறது. வெளிச்செறிவு கூடுவதால் உள்ளே நீர் புகுவது குறைகிறது. சுவரின் மீது சுமையும் குறைகிறது. சுவரில் உறுதி இல்லை என்பதுதானே பொருள்?

---

> ‘செல்சுவர் உறுதி’ என மாற்றலாமா?

வேண்டாம் ஐயா. சிஎச்எஸ்3 நீக்கிய செல்களைப் பாருங்கள். சுவரில் உள்ள கைட்டின் என்ற நார்ப்பொருளில் பெரும்பகுதியை உண்டாக்குவது அந்த மரபணுவின் நொதி. கால்கோஃப்ளூர் வைட் என்ற ஒளிரும் சாயம் கைட்டினைப் பற்றித்தான் சுவரைக் கெடுக்கும். பற்றிக்கொள்ளக் கைட்டின் அதிகம் இல்லாததால் இந்தச் செல்கள் அந்தச் சாயம் கலந்த தட்டில் இயல்புவகையை விட நன்றாக வளர்கின்றன. ‘உறுதி’ என்று எழுதினால், சடுதிமாற்றம் சுவரை உறுதியாக்கிவிட்டது என்று மாணவர் படிப்பார்.

காஸ்1 கதை நேரெதிர். சுவரின் முதன்மைச் சர்க்கரை இழைகளான பீட்டா-1,3-குளுக்கானை வெட்டி, ஒட்டி, நீட்டும் நொதி இது. இல்லாவிட்டால் குளுக்கானும் மேனோபுரதமும் (மேனோஸ் சர்க்கரை ஏறிய சுவர்ப்புரதம்) ஊடகத்தில் கசிகின்றன. செல் முட்டை வடிவம் இழந்து உருண்டு பெருக்கிறது, கொத்துக்கொத்தாய் ஒட்டுகிறது. ஈடுகட்டக் கைட்டின் பல மடங்கு கூடுகிறது. இயல்பில் அது சுவரின் எடையில் 1–2 விழுக்காடுதான். சாயமிட்டால் மொட்டு வடுக்களில், அதாவது மகள் செல் பிரிந்த தடங்களில், வளையமாகத் தெரியும். இங்கே சுவர் முழுதும் ஒளிரும். சரக்கு கூடியும் சுவர் தேறவில்லை, இணைப்பு போய்விட்டது. ஆகவே என் பரிந்துரை ‘செல்சுவர்க் கட்டுக்கோப்பு’. கட்டுதலும் கோத்தலும் அதிலேயே இருக்கின்றன. ‘கட்டுக்கோப்பு குலைந்தது’ என்று இயல்பாக எழுதவும் வருகிறது.

---

கட்டுக்கோப்புக்கு என் வாக்கு. ‘பாதை’யையும் மாற்றிவிடுங்கள். ஆர்எச்ஓ1 பிகேசி1-ஐத் தூண்ட, அது பிசிகே1-ஐ, அது எம்கேகே1, எம்கேகே2 இரண்டையும், அவை எஸ்எல்டி2-ஐத் தூண்டுகின்றன. இங்கே முக்கியம் பயணமல்ல, தூண்டுதல்: பிகேசி1 தொடங்கி ஒன்று அடுத்ததற்குப் பாஸ்பேட் ஏற்றுகிறது. ‘கட்டுக்கோப்புச் சமிக்ஞைத் தொடர்’ போதும்.

பதிவின் கீழ்ச் சோதனைமுறையையும் சேர்க்கலாம். இரவு வளர்த்ததை 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 1.0-க்குக் கொண்டுவந்து, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, 5 மைக்ரோலிட்டர் சொட்டுகளாக வையுங்கள். சாதாரணத் தட்டு, கால்கோஃப்ளூர், காங்கோ சிவப்பு (இதுவும் சுவரைக் கெடுக்கும் சாயம்), சார்பிட்டால் சேர்த்தவை எனத் தட்டுகள். 30, 37 பாகை. இரண்டு மூன்று நாள். இங்கே வழக்கமாகச் சறுக்கும் இடம் அமிலத்தன்மை. தொகுப்பு ஊடகத்தைத் தாங்கலிட்டு pH 6 அளவில் வைக்காவிட்டால் கால்கோஃப்ளூர் வீழ்படிவாகிவிடும். எல்லாச் சொட்டும் வளர, எதிர்ப்பு இருக்கிறதென்று தவறாக எழுதிவிடுவார்கள். கொத்தாகும் வகைகளை ஒலியலையால் பிரித்த பிறகே ஒளியடர்த்தி அளக்கவும், இல்லாவிட்டால் முதல் சொட்டிலேயே கணக்குத் தப்பும்.

---

‘தொடர்’ ஏற்கிறேன். பட்டியலில் மாற்றிவிட்டேன்: செல்சுவர்க் கட்டுக்கோப்பு, கட்டுக்கோப்புச் சமிக்ஞைத் தொடர். ‘ஒருமைப்பாடு’ பழைய வழக்காக அடைப்பில் நிற்கும். அடுத்து ‘மேனோபுரதம்’: இதை அப்படியே விடலாமா?