மீன் வியாபாரம்: காசிமேட்டுக்காரர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். கன்டெய்னர் யார்டில் ஒன்பது வருட வேலை. அதை விட்டுவிட்டு, விடியற்காலை காசிமேடு ஏலத்தில் மீன் எடுத்து, சுத்தம் செய்து, பெரம்பூர், மாதவரம் அடுக்குமாடி வீடுகளுக்குக் கொடுக்க ஆசை.

அப்பா ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார். "ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள் விசைப்படகு போகாது, அப்ப இன்னாத்த விப்ப?" பதில் சொல்ல முடியவில்லை, அதுதான் எரிச்சல். மேற்குக் கரையில் இந்த மீன்பிடித் தடை ஜூன் 1இல்தான் தொடங்குகிறது. அதுவரை கேரளா மீன் கட்டுப்படியாகுமா? இல்லை, தடையில் அடங்காத சின்ன ஃபைபர் படகு மீனை வைத்தே ஓட்டலாமா?

பணத்துக்கு முத்ரா கடன் கேட்கப்போகிறேன். நகையில் கை வைக்க மாட்டேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று.

வேலையில் இருந்தபடியே ஞாயிறு மட்டும் செய்து பார்ப்பது சரியா, பாதிக் கிணறு தாண்டின கதையா? கையைச் சுட்டுக்கொண்டவர்கள் முக்கியமாகச் சொல்லுங்கள்.