ரெக்கோர்டிங் இல்லாத நாட்களில் சாமான்களை ஓன் பண்ணியே வைப்பதா, பிளக்கைப் பிடுங்குவதா?

கொட்டகலை_ஒலி:

வணக்கம். கொட்டகலைக்குக் கொஞ்சம் மேலே ஒரு தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டின் (ஒரே கூரையில் வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகளில் ஒன்று) முன்னறையில் ரெக்கோர்டிங் செய்கிறேன். வருகிறவர்கள் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) பாய் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கோயில் திருவிழாப் பாட்டு, பள்ளிக்கூடக் கலைவிழாவுக்கு ட்ராக், மாசி வந்தால் காமன் கூத்துப் பாட்டு, இப்படித்தான் வேலை வரும். அதுவும் வெள்ளி பின்னேரம் தொடங்கி ஞாயிறு வரைக்கும்தான். மற்ற நாட்களில் நான் டவுனில் வேறு வேலைக்குப் போய்விடுவேன், அம்மா மலைக்குப் போனால் கொழுந்தை எடை போட்டுவிட்டுத்தான் வருவார், அதனால் பகலில் வீடு பூட்டியே கிடக்கும்.

என்னிடம் இருப்பது மைக் சத்தத்தைக் கம்பியூட்டருக்குக் கொண்டுபோகும் எட்டு சனல் இன்டர்ஃபேஸ் ஒன்று, பழைய அனலொக் மிக்ஸர், பவர்ட் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய டியூப் ப்ரீஅம்ப் (மைக் சத்தத்தைப் பெருக்குவது), கண்டென்சர் மைக் ஒன்று, கம்பியூட்டர். ஐந்து வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு இதெல்லாம்.

சாமான் எடுக்க உதவிய அண்ணன் ஒருவர், "எதையும் ஓஃப் பண்ணாதே, ஓன் பண்ணுகிற நேரம்தான் சாமானுக்கு அடி" என்று சொன்னார். நாலு மாதமாக அப்படியே விட்டிருக்கிறேன். கரண்ட் பில் நன்றாக ஏறிவிட்டது. போன மாதம் கரண்ட் போய் வந்ததற்குப் பிறகு இடது பக்க ஸ்பீக்கரில் சும்மா இருக்கும்போதே "ம்ம்ம்" என்று ஒரு சத்தம். அதோடு பனி மூடுகிற நாட்களில் மைக்கில் கடுகு வெடிக்கிற மாதிரி படபடவென்று கேட்கிறது, நல்ல டேக் இரண்டு அதனாலேயே வீணாகிவிட்டது. ஓனில் விடுவது சரிதானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கன்சோல்:

தம்பி, அந்த அண்ணன் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது வேறு மாதிரி ஸ்டூடியோவுக்கு உள்ள பேச்சு. நான் கொழும்பில் பதினொரு வருடம் இந்த வேலை செய்துவிட்டு இப்போது பண்டாரவளையில் இருக்கிறேன். பெரிய அனலொக் கன்சோல் என்றால் நாற்பது ஐம்பது சனல், சனலுக்கு ஒரு கார்ட், நூற்றுக்கணக்கில் ஐசி, பவர் சப்ளை தனியாகப் பக்கத்து அறையில். அது முழுக்கச் சூடேறி ஒரு நிலைக்கு வரவே மணிக்கணக்காகும். ஓஃப் பண்ணினால் எல்லாம் ஆறிச் சுருங்கும், ஓன் பண்ணினால் மறுபடி விரியும், அப்படி மாறி மாறி நடந்தால் கார்ட் செருகிய முனைகள் தளரும், ஈயப் பற்றில் வெடிப்பு விழும், ஓன் செய்கிற நொடியில் வெறுமையாய் இருந்த, மின்னைத் தேக்கி வைக்கும் கப்பாசிட்டரெல்லாம் ஒரேயடியாகக் கரண்டை இழுக்கும். காலையில் ஆள் வந்து நிற்கும்போது சனல் மூன்று வேலை செய்யாது. அதனால்தான் அதை இரவு பகலாக ஓட விடுவார்கள். ஆனால் அங்கே ஏசி இருக்கும், ஜெனரேட்டர் இருக்கும், வாசலில் காவலாளி இருப்பார், கோளாறு வந்தால் பார்க்க டெக்னீஷியன் இருப்பார். இது எதுவும் நம் அறையில் இல்லையே.

உங்கள் சாமானுக்கு எதிரி ஓடுகிற நேரமும் சூடும்தான். பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரைப் பாருங்கள், அதன் மேலேயே 105 பாகை என்று அச்சடித்திருக்கும். சாதாரண வகை அந்தச் சூட்டில் 2,000 மணித்தியாலம் தாங்கும். சூடு 10 பாகை குறையக் குறைய ஆயுள் இரட்டிப்பாகும் என்பது எங்கள் கணக்கு. ஸ்பீக்கர் பெட்டிக்குள் 65 பாகை என்று வைத்துக்கொண்டால் 32,000 மணித்தியாலம். நிறுத்தாமல் ஓட்டினால் மூன்றரை வருடத்தில் அது முடிந்துவிடும். உங்களை மாதிரி வாரத்துக்கு 25 மணித்தியாலம் ஓட்டினால் இருபது வருடம் தாண்டும். டியூப்புக்கும் அப்படித்தான். நல்ல ப்ரீஅம்ப் டியூப் 10,000 மணித்தியாலம் வரை போகலாம், நாலு மாதத்தில் நீங்கள் ஏறக்குறைய 2,900ஐச் செலவழித்துவிட்டீர்கள், அதில் பாட்டு எடுத்த நேரம் எவ்வளவு? பாட ஆள் வர அரை மணித்தியாலம் முந்தி அதை ஓன் பண்ணினால் போதும், சூடேறிவிடும்.

அந்த "ம்ம்ம்" சத்தத்துக்கு ஒரு சோதனை. ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னல் வயரைக் கழற்றிவிட்டு, பவர் மட்டும் கொடுத்துக் கேளுங்கள். சத்தம் நின்றால் பெரும்பாலும் எர்த் லூப் (சாமான்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு சேர்வதால் வரும் இரைச்சல்), வயர் ஓடும் வழியைப் பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் பெரும்பாலும் உள்ளே கப்பாசிட்டர் போயிருக்கும். நீங்களே திறக்க வேண்டாம், பிளக் கழற்றிய பிறகும் அதற்குள் உயிரை எடுக்கிற அளவு கரண்ட் தங்கி நிற்கும்.

அப்புறம் ஓன் பண்ணும் வரிசை. கம்பியூட்டர், இன்டர்ஃபேஸ், ப்ரீஅம்ப், மிக்ஸர், கடைசியில்தான் ஸ்பீக்கர். ஓஃப் பண்ணும்போது ஸ்பீக்கர் முதலில். மைக்கைக் கழற்றுவதற்கு முன் அதற்குப் போகும் 48 வோல்ட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள்.

எர்த்_கம்பி:

பதுளையில் வயரிங் வேலை செய்கிறேன், ஒலி விஷயம் எனக்குத் தெரியாது, கரண்ட் விஷயம் மட்டும் சொல்கிறேன்.

பில்லுக்கு முதலில் கணக்கு. உங்கள் சாமான் சும்மா கிடக்கும்போது மொத்தம் 150 வாட் இழுக்கிறது என்று வையுங்கள், ஒரு நாளைக்கு 3.6 யூனிட், மாதத்துக்கு 108. நம் வீட்டு பில் யூனிட் படிப்படியாக ஏறுகிற முறை, 60, 90, 120 என்று படி தாண்டத் தாண்ட யூனிட் விலையும் கூடும், மாதக் கட்டணமும் கூடும். அம்மாவின் லைட்டும் அயர்ன் பெட்டியும் எடுத்த யூனிட்டுக்கு மேலே இது போய் உட்காரும்போது மேல் படி விலைதான் விழும்.

ஆனால் பில் சின்ன விஷயம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில், ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து தூரத்தில் இருக்கும் லயங்களில் ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கர் ஏறியதும் 180க்குக் கீழே இறங்கியதை நானே மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன். கம்பியூட்டர் மாதிரி 100 தொடக்கம் 240 வரை எடுக்கிற பவர் சப்ளை இதைத் தாங்கும். உங்கள் பழைய மிக்ஸருக்குள் கனமான ட்ரான்ஸ்ஃபோமர் இருக்கும், அது தாங்காது, சத்தத்தில் இரைச்சல் ஏறும். அதைவிட மோசம் கரண்ட் போய்த் திரும்பி வருகிற அந்த நேரம். வந்து, போய், மறுபடி வந்து, ஒரு நிமிடத்தில் மூன்று தடவை அடிக்கும். நீங்கள் ஓன் பண்ணும் அடிக்குப் பயந்து ஓனிலேயே விட்டீர்கள், இப்போது நீங்கள் இல்லாத நேரத்தில் அதே அடி பத்து மடங்காக விழுகிறது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பட்டு நாடு முழுக்கக் கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். அன்றைக்குக் கரண்ட் போன கையோடு வீட்டில் எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு, திரும்பி வந்து பத்து நிமிடம் நிலையாக நின்ற பிறகுதான் செருகினேன். எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

இடி மின்னலுக்குச் சுவிட்சை நிறுத்துவது போதாது. சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான், வானத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் பாய்ந்து வந்ததற்கு அது ஒரு தடையா? பிளக்கையே கழற்ற வேண்டும், இன்டர்நெட் வயரையும் சேர்த்து. மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேர மழை எப்படி இடியோடு வரும் என்று உங்களுக்கே தெரியும், அந்த நேரம் நீங்கள் டவுனில் நிற்பீர்கள். திடீர் மின் அடியைத் தடுக்கும் சேர்ஜ் ப்ரொடெக்டர் உள்ள மல்டி பிளக் வாங்கியிருக்கிறேன் என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள், அது ஒழுங்காக வேலை செய்ய நல்ல எர்த் வேண்டும், மலையில் கல்லுத் தரையில் எர்த் கம்பி இறங்கியிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கரண்ட் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்சில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள், விழாவிட்டால் உடனே மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று, கோபிக்க வேண்டாம் தம்பி. லயத்தில் ஒரு வீடு மட்டும் எரியாது. கூரை ஒன்று, நடுச்சுவருக்கு மேலே மரச் சட்டமும் பலகையும் ஒரே தொடர். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு லயம் எரிந்த மறுநாள் வயரைப் பார்க்கப் போனேன், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகம் நனைந்த சாம்பலாகக் கிடந்தது. பூட்டிய வீட்டில் ஆள் இல்லாமல் எதையும் ஓனில் விடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

லயத்துக்_குரல்:

மஸ்கெலியாவிலிருந்து எழுதுகிறேன் தம்பி, நான் பாடுகிறவள், தங்கச்சியின் பாட்டுகளை வீட்டிலேயே ரெக்கோர்ட் செய்தும் கொடுக்கிறேன். அந்தக் கடுகு வெடிக்கிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். மைக் கெட்டுப்போகவில்லை, ஈரம் குடித்திருக்கிறது. கண்டென்சர் மைக்குக்குள் இருக்கிற சவ்வு தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது, அதன் மேல் நிற்கிற மின்னூட்டம் எங்கும் கசியாமல் இருந்தால்தான் சத்தம் சுத்தமாக வரும். பனி உள்ளே போனால் ஈரத்தின் வழியாகத் துளித்துளியாகக் கசியும், அதுதான் படபட. தப்பு மேளம் அடிக்கிற அண்ணன்மார் தோல் தொய்ந்துவிட்டால் நெருப்பில் காட்டிக் காய்ச்சித்தானே எடுக்கிறார்கள், மைக்குக்கும் அதே பனிதான் பகை. ஆனால் மைக்கை நெருப்பிலும் ஹேர் ட்ரையரிலும் காட்டிவிடாதீர்கள், சவ்வு போய்விடும்.

மைக்கை ஸ்டாண்டிலேயே 48 வோல்ட்டோடு விட்டுவைத்திருந்தீர்கள் என்றால் தூசியையும் அது இழுத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் கழற்றிப் பெட்டியில் வையுங்கள். விடியக்காலையில் குளிர்ந்து கிடக்கும் மைக்கைத் திடீரென்று ஆட்கள் நிறைந்த அறையில் திறந்தால் சில்லென்ற தம்ளரில் வியர்க்கிற மாதிரி அதன் மேல் பனித்துவிடும், பெட்டியை மூடியபடி அரை மணித்தியாலம் அறையில் வைத்துவிட்டுத் திறவுங்கள்.

நான் அலுமாரிக்குள் 15 வாட் குண்டு பல்பு ஒன்று எரியவிட்டு அதற்குள் எல்லாம் வைக்கிறேன். 15 பாகை குளிரில் ஈரப்பதம் 95 வீதமாக இருக்கிற காற்றை 20 பாகைக்குச் சூடாக்கினாலே அது 70க்கு வந்துவிடும். மாதம் 11 யூனிட்தான் போகும்.

எர்த்_கம்பி:

அக்கா, நீங்கள் சொன்ன கணக்கு சரி, பல்பு மட்டும் வேண்டாம். மர அலுமாரி, பக்கத்தில் துணி, ஆள் இல்லாத வீடு, குண்டு பல்பு. இதில் எது சரிந்து விழுந்தாலும் போதும்.

லயத்துக்_குரல்:

சரி தம்பி, நான் எப்போதும் வீட்டிலேயே இருப்பதால் அதை யோசிக்கவில்லை. அப்படியென்றால் காற்றுப் போகாத மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, அடியில் சிலிக்கா ஜெல். நீல மணி ரோஸ் நிறமானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று அர்த்தம், மெதுவான சூட்டில் காயவைத்தால் திரும்ப நீலமாகும், சமைக்கிற சட்டியில் வேண்டாம், அந்த நிறம் நஞ்சு, தனித் தகரம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். என் மைக்கையும் அதற்கே மாற்றுகிறேன்.

பழைய_கன்சோல்:

மைக்குக்கு வாளி போதும். மிக்ஸரையும் ப்ரீஅம்ப்பையும் வாளியில் போட முடியாது, வாரக்கணக்கில் குளிரில் கிடந்தால் சுவிட்சும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரும் ஈரத்தில் கரகரக்கும். புதன்கிழமை இரவு வீட்டில் இருக்கும்போது ஒரு மணித்தியாலம் ஓன் பண்ணி விடுங்கள், ஃபேடரையெல்லாம் மேலும் கீழும் நாலு தடவை இழுத்துவிடுங்கள். அந்தச் சூடு போதும்.

கொட்டகலை_ஒலி:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா சொன்ன மாதிரி சிக்னல் வயரைக் கழற்றிப் பார்த்தேன், சத்தம் நிற்கவில்லை. ஸ்பீக்கரை ஹட்டனில் திருத்தக் கொடுத்திருக்கிறேன், உள்ளே கப்பாசிட்டர் இரண்டு மேலே உப்பிக்கொண்டு நிற்கிறது என்று திருத்துகிறவர் காட்டினார். மைக் வாளியில் இரண்டு நாள் இருந்தது, நேற்று இரவு நல்ல பனியில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன், ஒரு வெடி இல்லை. ட்ரிப் சுவிட்ச் பொத்தானை அமுக்கினேன், விழவில்லை, இந்தக் கிழமையே மாற்றுகிறேன். ஆறு வீட்டுக்கு ஒரே கூரை என்பதை நான் இதுவரை இந்தப் பக்கத்திலிருந்து யோசித்ததே இல்லை அண்ணா.

பிளக் எல்லாம் ஒரே மல்டி பிளக்குக்குக் கொண்டுவந்துவிட்டேன், ஒரு இழுப்பில் கழற்றலாம், அம்மாவுக்கும் காட்டிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காமன் கூத்துக்காரர்கள் வருகிறார்கள். ஐந்தரைக்கு டியூப் ப்ரீஅம்ப்பை ஓன் பண்ணுவேன், அது சூடேறுவதற்குள் அவர்கள் வாசலில் தப்பைக் காய்ச்சி முடித்துவிடுவார்கள்.