ஸ்டியர் டயர்: ‘முன் டயர்’ போதுமா, ‘திருப்பச்சு டயர்’ வேண்டுமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் 18 சக்கர இழுவை லாரிகளுக்கு நீடித்து உழைக்கும், செலவுக்கேற்ற ஸ்டியர் டயர்களை, அதாவது வண்டியைத் திருப்பும் சக்கரங்களின் டயர்களை, தேர்ந்தெடுப்பது பற்றிய கட்டுரைக்காக, அந்த டயருக்குத் தமிழில் என்ன பெயர் சூட்டலாம் என்ற கேள்விக்கு இதுவரை ‘முன் டயர்’, ‘சுக்கான் டயர்’, ‘திசைமாற்றுச் சக்கர உறை’ என்ற மூன்று முன்மொழிவுகள் வந்துள்ளன. மூன்றாவதை எளிதில் ஒதுக்கிவிடலாம் என்று கருதுகிறேன். ‘டயர்’ என்ற சொல்லை எவரும் கைவிடப்போவதில்லை. அதோடு, மேற்பரப்பு தேய்ந்த பின்னும் மறுபயனுக்கு எஞ்சும் உடற்பகுதியைக் குறிக்க நமக்கு ‘கூடு’, ‘உறை’ போன்ற சொற்கள் தனியே தேவைப்படும். ‘சுக்கான் டயர்’ செவிக்கு இனியது. ஆனால் சுக்கான் என்றதும் ஓட்டுநர் கையிலுள்ள வளையம்தான் நினைவுக்கு வருகிறது, சாலையில் உருளும் சக்கரம் வருவதில்லை.

உண்மையான போட்டி ‘முன் டயர்’ என்பதோடுதான். லாரிப் பட்டறைகளில் அதுவே வழக்கு. அமெரிக்க மத்திய அரசின் வாகன விதி 393.75-உம் முன்சக்கரம் என்றே பேசுகிறது: பேருந்து, லாரி, இழுவை லாரி ஆகியவற்றின் முன்சக்கர டயர்களில் பெரிய பள்ளங்களின் ஆழம் ஓர் அங்குலத்தின் 32-இல் 4 பங்குக்கு, அதாவது ஏறத்தாழ 3.2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மற்றச் சக்கரங்களுக்கு 2 பங்கு போதும். சட்டம் இடத்தை வைத்து அளக்கிறது. வண்டியைச் சோதிக்கும் அதிகாரிக்கு அது போதும். டயர் வாங்குபவருக்கு அது போதாது. நம் ஊர் நான்கு அச்சு டிப்பர்களில் முன்னிருந்து இரண்டாவது அச்சும் திரும்புகிறது. அதன் டயர்களுக்கும் இதே பண்புகள் வேண்டும், ஆனால் அவற்றை முன் டயர் என்று சொன்னால் எந்த வரிசை என்ற குழப்பம் எழும்.

ஆகவே பெயரை டயரின் இடத்திலிருந்து எடுக்காமல், அதைத் தாங்கும் அச்சின் வேலையிலிருந்து எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. நான் முன்வைப்பது ‘திருப்பச்சு டயர்’. திருப்பும் அச்சு திருப்பச்சு. எஞ்சினின் விசையைப் பெற்று வண்டியை உந்தும் அச்சு உந்தச்சு. டயரின் ஆயுளையும் அதன்வழி செலவையும் பெரிதும் முடிவு செய்வது அந்த அச்சு தாங்கும் பாரமும் அது கோணலின்றி அமைந்திருப்பதும்தான் என்பதால், பெயரிலேயே அச்சு இடம்பெறுவது வெறும் இலக்கண நேர்த்திக்காக அன்று.

பாரத்தை எடுத்துக்கொள்வோம். 80,000 பவுண்டு மொத்த எடை வரம்புள்ள ஐந்து அச்சு வண்டியில் வழக்கமான பகிர்வு திருப்பச்சுக்கு 12,000 பவுண்டு, உந்தச்சு இணைக்கு 34,000, டிரெய்லர் அச்சு இணைக்கு 34,000. பின்னுள்ள ஒவ்வோர் இணையிலும் 8 டயர்கள் இருப்பதால் டயர் ஒன்றுக்கு 4,250 பவுண்டு விழுகிறது. திருப்பச்சிலோ இரண்டே டயர்கள், ஒவ்வொன்றின் மேலும் 6,000 பவுண்டு. 295/75ஆர்22.5 அளவில் ‘ஜி’ பாரவகை (தாங்கும் திறனைக் குறிக்கும் எழுத்து) டயர் 110 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) காற்றழுத்தத்தில் ஒற்றையாகத் தாங்குவது 6,175 பவுண்டு. இடைவெளி வெறும் 175 பவுண்டுதான். காற்று சற்றுக் குறைந்தாலும், டிரெய்லரை லாரியோடு பூட்டும் இணைப்புத் தட்டை முன்னுக்கு நகர்த்திப் பாரத்தை முன்னச்சில் ஏற்றினாலும் அது போய்விடும். அத்தகைய வண்டிக்கு இன்னும் அதிகம் தாங்கும் ‘எச்’ பாரவகையை நாடுவது வீண் செலவன்று.

அடுத்தது தேய்வு. இங்கேதான் நமக்குச் சொற்கள் அதிகம் தேவைப்படுகின்றன. நெடுந்தொலைவு நேராக ஓடும் வண்டிகளில் ரிப்களின் (பள்ளங்களுக்கிடையே டயரைச் சுற்றி ஓடும் ரப்பர் வரப்புகளின்) விளிம்பை ஒட்டி நீரோட்டம் அரித்ததுபோல் வரும் தேய்வை ‘வாய்க்கால் தேய்வு’ எனலாம். அது மெல்லத் தேயும் டயரில் தோன்றுவது, பெரும்பாலும் பழுதின் அறிகுறியன்று. இரு திருப்பச்சுச் சக்கரங்களும் முன்புறம் அளவுக்கு மேல் உள்நோக்கிக் குவிந்திருந்தால் வெளித்தோள், அதாவது டயர் மேற்பரப்பின் வெளி ஓரம், தேயும். இது ‘தோள் தேய்வு’. உந்தச்சு கோணலாக இருந்து வண்டியை ஒரு பக்கம் தள்ளினால் ஓட்டுநர் எந்நேரமும் எதிர்ப்பக்கம் பிடித்தே ஓட்ட நேர்கிறது. அப்போது ஒரு டயரின் வெளித்தோளும் மற்றதன் உட்தோளும் தேயும். பழுது பின்னால், தண்டனை முன்னால். திருப்பச்சை மட்டும் சரிபார்த்துவிட்டுப் புது டயர் போடுபவர் இதில்தான் பணத்தை இழக்கிறார். சில டயர்களின் வெளித்தோளில் காணும் மெல்லிய பள்ளம், தேய்வைத் தனக்கு வெளியே உள்ள குறுகிய ரிப்போடு நிறுத்த முயல்வது. அதற்குக் ‘காப்புப் பள்ளம்’ என்பது என் பரிந்துரை.

‘செலவுக்கேற்ற’ என்பதையும் மைலுக்கான செலவு என்றே வரையறுக்க வேண்டும். கற்பனைக் கணக்கு ஒன்று: 400 டாலர் டயர் 80,000 மைல் ஓடினால் மைலுக்கு அரை சென்ட், 550 டாலர் டயர் 1,30,000 மைல் ஓடினால் ஏறத்தாழ 0.42 சென்ட். அதே விலையுயர்ந்த டயரைக் கோணல் அச்சில் பூட்டி 90,000 மைலில் கழற்ற நேர்ந்தால் 0.61 சென்ட் ஆகிவிடுகிறது, மலிவானதைவிட மோசம். புது டயரின் பள்ள ஆழம் அங்குலத்தின் 32-இல் 18 பங்கு என்றால், சட்ட எல்லையான 4 போக 14 பங்குதான் பயன்படும் ரப்பர் என்பதையும், கழற்றிய கூட்டை ரீட்ரெட் செய்து (புது மேற்பரப்பு ஒட்டி) பின் அச்சுகளில் ஓட்ட முடிந்தால் அதன் மதிப்பை விலையில் கழிக்க வேண்டும் என்பதையும் கட்டுரையில் சேர்க்கலாம். ரீட்ரெட் டயரை முன்சக்கரத்தில் பூட்டுவதை மேலே சொன்ன 393.75 விதி பேருந்துக்குத்தான் தடுக்கிறது, லாரிக்கு அன்று. ஆயினும் திருப்பச்சில் புதியதை ஓட்டி, பிறகு பின்னுக்கு மாற்றுவதே பரவலான நடைமுறை. நகரங்களுக்கிடையே அடிக்கடி திரும்பி ஓடும் வண்டிக்கு உராய்வைத் தாங்கும் வட்டாரவகையும், மாநிலம் கடக்கும் வண்டிக்கு உருளல் தடை குறைந்த நெடுந்தொலைவு வகையும் ஏற்றவை. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் எந்த நிறுவனப் பெயரும் காப்பாற்றாது.

எஞ்சியிருப்பது டிரெய்லரின் அச்சு. ‘சுமையச்சு’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். டயர் ஒன்றுக்கான பாரத்தில் திருப்பச்சே முன்னிற்கிறது என்று மேலே கணக்கிட்ட பின் அந்தச் சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம். தானே உந்தாமலும் திரும்பாமலும் இழுத்த இழுப்பில் தொடர்வதால் ‘தொடரச்சு’ என்று சொல்லலாம். ஆனால் சில லாரிகளில் உந்தச்சுக்குப் பின்னே உந்துவிசை இல்லாத இன்னோர் அச்சு உண்டே, அதற்கும் இந்தப் பெயரே பொருந்திவிடும். அந்த இரண்டையும் பிரித்துக்காட்டும் சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். அதுவரை பட்டியலில் திருப்பச்சையும் உந்தச்சையும் மட்டும் ஏற்றுகிறேன்.