பாதி வழியில் நின்றுபோகும் பழைய ஸ்னோமொபைல்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

உறைந்த ஏரி எழுதியது:

பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைல், அதுவும் பழையது, வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இராது. ஆனாலும் இரண்டு குளிர்காலங்களாக என் மனத்தை அரித்துக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். காற்றால் குளிரும் இரட்டைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் வண்டி, சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு மிகுனி கார்புரேட்டர்கள், வயது முப்பதுக்கு மேல். காலையில் இரண்டாவது இழுப்பில் கிளம்பும், இருபது இருபத்தைந்து நிமிடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடும், பிறகு இரைப்பு வந்தவனைப்போலத் திணறி நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடவாததுபோல் மறுபடியும் கிளம்பும். கார்புரேட்டர்களை மூன்று முறை பிரித்து, குறைந்த வேகத்தில் பெட்ரோலைத் தரும் பைலட் ஜெட்டின் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சுத்தம் செய்தும் பயனில்லை.

ஒருநாள் மாலை ஏரியின் நடுவில் நின்றுபோனது. காற்றே இல்லை, இஞ்சின் ஆறும்போது எழும் 'டிக் டிக்' ஒலி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டுப் பிளக்கைக் கழற்றினேன். கையுறையைக் கழற்றியதால் விரல் ஸ்பேனரோடு ஒட்டிக்கொண்டது. பிளக் சுக்காய்க் காய்ந்திருந்தது. அதை மின்கம்பி முனையிலுள்ள பிளக் தொப்பிக்குள் செருகி, இஞ்சினின் மேல் கவரில் வைத்து அழுத்திக்கொண்டு மறு கையால் இஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தேன். அந்த அரையிருட்டில் ஒரு பொறிகூடத் தெரியவில்லை. சற்று நேரம் கழித்துப் பிளக்கை மாட்டி இழுத்தபோது வண்டி கிளம்பிவிட்டது.

பொறி எழ வேண்டிய நொடியை உணர்த்தும் பிக்கப் காயில் சூட்டில் செயலிழக்கிறது, அதுதான் குற்றவாளி என்று முடிவு செய்து புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். இஞ்சினைத் திறந்ததுதான் திறந்தோம் என்று, குச்சிபோல் விறைத்துப் போயிருந்த பெட்ரோல் டியூப்கள் அனைத்தையும் அன்றே மாற்றினேன். அதன்பின் வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. நான் கோளாறைக் கண்டுபிடித்தேனா, குருட்டாம்போக்கில் தப்பித்தேனா என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை. இதுபோன்ற அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

பெல்ட் பெட்டி எழுதியது:

காயிலேதான், ஐயமே வேண்டாம். என் வண்டியிலும், மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் காயில் இதே வேலையைச் செய்தது. கொட்டகையில் மீட்டரை வைத்து அளந்தால் கையேட்டில் உள்ள அளவு அப்படியே வரும். ஓட்டிவிட்டு வந்து சூட்டோடு அளந்தால் முள் அசையவே அசையாது. உள்ளே முடியளவு கம்பி எங்கோ விட்டுப்போய், சூட்டில் விரிந்தால் பிரிவதும் குளிர்ந்தால் சேர்வதுமாக இருந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரில் உள்ள பாதுகாப்புச் சுவிட்சும் இப்படித்தான் காரணமில்லாமல் இஞ்சினை நிறுத்தும். நான் அதை எப்போதோ நீக்கிவிட்டேன், நீங்களும் நீக்கிவிடுங்கள்.

கருகிய பிஸ்டன் எழுதியது:

என் வண்டி நிற்கவில்லை, நிற்க மறுத்தது. ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்ட பிறகும் இஞ்சின் வேகம் குறையாமல், தானாகவே மேலும் மேலும் ஏறியது. சாவியைத் திருப்பினால் நின்றிருக்கும். ஆனால் கேபிள் சிக்கிவிட்டது என்று எண்ணி, குனிந்து, கார்புரேட்டரின் காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடைப் பார்த்தேன். ஸ்லைடு முழுவதும் மூடியிருந்தது. மூடிய கார்புரேட்டரோடு ஓர் இஞ்சின் அலறுவதைக் கேட்டவர்களுக்குத்தான் அந்த நொடியின் திகில் தெரியும். ஏதோ தோன்றிச் சோக்கை இழுத்தேன். உடனே வேகம் தணிந்தது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சோக் கூடுதல் பெட்ரோலைத் தருகிறது; கூடுதல் பெட்ரோல் கிடைத்ததும் இஞ்சின் அமைதியடைகிறது என்றால், அதுவரை அது காற்று மிகுந்த, பெட்ரோல் குறைந்த கலவையில் எரிந்துகொண்டிருந்தது என்றுதானே பொருள்? புரியாமல் வீடுவரை ஓட்டினேன். வாசலுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கையில் பிஸ்டன் இறுகிக்கொண்டது.

பிரித்துப் பார்த்தபோது மேக்னெட்டோ (மின்சாரம் உண்டாக்கும் பகுதி) பக்கத்தில் கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் சீல் கல்போல் இறுகி, அதன் உதடு தண்டைத் தொடாமல் விலகியிருந்தது. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் அறை வழியாகத்தான் மேலே போகின்றன. அந்த அறையில் ஓட்டை விழுந்தால் கார்புரேட்டருக்குத் தெரியாமலே காற்று புகுந்துவிடும். ஜெட்டை எத்தனை முறை துடைத்தாலும் அது சரியாகாது. இப்போதெல்லாம் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் காற்று நுழையும் இன்டேக்கையும் சிலிண்டரின் வெளியேற்றும் துளையையும் அடைத்து, உள்ளே 6 அல்லது 7 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கிறேன். நிற்காவிட்டால் சோப்பு நீர் குமிழியிடும் இடத்தைத் தேடினால் போதும்.

கோடைக் கொட்டகை எழுதியது:

என் அனுபவம் சிறியது. உறைபனி மேட்டில் ஏறும்போது இஞ்சின் பக்கத்துக் கிளட்சிலிருந்து செகண்டரி கிளட்சுக்கு விசையைக் கடத்தும் பெல்ட் அறுந்து, நார்கள் அந்தச் செகண்டரி கிளட்சின் பின்புறம் சுற்றிக்கொண்டன. மாற்றுப் பெல்ட் கையில் இருந்தும், சுற்றிய நாரை எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவ்வளவுதான்.

ஆனால் இங்கே சொல்லப்பட்ட கோளாறுகளில் பாதி, வண்டியைக் கோடையில் எப்படி வைக்கிறோம் என்பதில் தொடங்குகிறது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பயணம் முடிந்ததும் கார்புரேட்டர் கிண்ணங்களில் உள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டும். அங்கே தேங்கும் பெட்ரோல் ஆவியாகி விட்டுச்செல்லும் பிசின்தான் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான பைலட் ஜெட் துளையை அடைக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு, ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் நீருமாகப் பிரிந்து அடியில் படியும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அந்த அடிநீரைத்தான். பிளக் துளை வழியாகச் சிறிது எண்ணெய் ஊற்றிக் கயிற்றை மெல்ல இழுத்துச் சிலிண்டர் சுவரெங்கும் பரவச் செய்யுங்கள். பெல்ட்டைக் கழற்றித் தட்டையாக வையுங்கள். கிளட்சுகளுக்கிடையே அழுந்திக்கிடந்தால் ஒரே வடிவில் இறுகி, அடுத்த பருவத்தில் வண்டி குதிக்கும். வண்டியைத் தள்ளும் ரப்பர்ப் பட்டையான ட்ராக் தரையைத் தொடாதபடி பின்புறத்தைத் தாங்கிமீது ஏற்றுங்கள். காற்று உள்ளே போகும் ஏர்பாக்ஸின் வாயையும் சைலன்சர் வாயையும் மூடாமல் விட்டால் எலி குடித்தனம் நடத்தும். எண்ணெயைக் கையால் கலப்பவர்கள் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி என்பதைக் கண்ணளவில் விடாமல் அளந்து ஊற்றுங்கள். இஞ்சின் மூடியில் எழுதி ஒட்டிய சீட்டுகள்தாம் என் நினைவாற்றல்; எந்தத் துளையை எதனால் அடைத்தேன் என்று அவற்றில் குறித்துவைப்பேன். ஒரு வருடம் குறிக்காமல் விட்டு, சைலன்சருக்குள் துணியோடு இஞ்சினைக் கிளப்ப அரை நாள் போராடியவன் நான்.

இருமுறை இழுப்பு எழுதியது:

கோடைக் கொட்டகை அவர்கள் சொன்னவை அனைத்தும் சரியே. ஆனால் நின்றுபோகும் வண்டிக்கும் அதற்கும் என்ன தொடர்பு? நான் எழுதவந்தது பெல்ட் பெட்டி அவர்களின் அறிவுரையைப் பற்றி.

ஆக்சிலரேட்டர் சுவிட்சை நீக்கச் சொல்வது பொறுப்பான பேச்சன்று. கேபிள் உறைந்தோ சிக்கியோ கார்புரேட்டர் திறந்தபடி நின்றுவிட்டால், நாம் விரலை விட்டதும் கேபிளின் இழுவிசை தளர்வதை உணர்ந்து இஞ்சினை அணைப்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. என் பழைய வண்டியிலும் கேபிளில் தளர்வு கூடியதால் அந்தச் சுவிட்ச் குழம்பி, மெதுவாகப் போகும்போதெல்லாம் இஞ்சினைத் திணறடித்தது. உங்களைப்போலவே நானும் அதை நீக்கினேன். அடுத்த வாரமே, ஈரப்பனியில் ஓட்டிவிட்டு நிறுத்திய வண்டியை மறுநாள் கிளப்பி ஆக்சிலரேட்டரை அழுத்தியபோது, கார்புரேட்டர் ஸ்லைடு திறந்த நிலையிலேயே உறைந்து நின்றுவிட்டது. கொட்டகைக் கதவு மூடியிருந்தது. கதவுக்கும் எனக்கும் நடுவே மூன்று மீட்டர். நிறுத்தும் பொத்தானைக் கட்டைவிரல் தேடிய நேரம் ஒரு நொடிகூட இராது. கதவின் கீழ்ப்பலகை இரண்டாகப் பிளந்திருந்தது. கேபிளைச் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவர ஐந்து நிமிடம் போதும். சுவிட்சும் பிழைத்துக்கொள்ளும், கதவும் பிழைத்துக்கொள்ளும்.

பெல்ட் பெட்டி எழுதியது:

பதினைந்து வருடமாக அந்தச் சுவிட்ச் இல்லாமல்தான் ஓட்டுகிறேன், ஒரு கதவையும் இடித்ததில்லை.

இருமுறை இழுப்பு எழுதியது:

நானும் அந்த வாரத்துக்கு முன்புவரை இடித்ததில்லை, ஐயா.

மூடிக்குழாய் எழுதியது:

உறைந்த ஏரி அவர்களின் முதல் பதிவுக்கே திரும்ப விரும்புகிறேன். அதை இருமுறை படித்தேன். காயில்மீது பழிபோடுவது எனக்கு ஒப்பவில்லை.

பிளக் சுக்காய்க் காய்ந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பொறி இல்லாமல் இஞ்சின் நின்றிருந்தால், நீங்கள் கயிற்றை இழுத்த ஒவ்வொரு முறையும் எரியாத பெட்ரோல் உள்ளே போய்ப் பிளக்கை நனைத்திருக்கும். காய்ந்த பிளக் காட்டுவது பெட்ரோல் வரவில்லை என்பதைத்தான். பொறி தெரியவில்லை என்பதையும் முழுமையாக நம்ப முடியவில்லை. காற்றால் குளிரும் இஞ்சின்களில் மேல் கவர் பெரும்பாலும் வண்ணம் பூசிய தகடு, வண்ணத்தின்மேல் பிளக்கை வைத்தால் மின்சாரம் திரும்பிச் செல்ல வழியில்லை. பிளக்கின் உலோக உடலைச் சிலிண்டர் தலையின் பூச்சில்லாத இடத்தில் வைத்தால்தான் அந்தச் சோதனைக்கு மதிப்பு உண்டு.

பெட்ரோல் ஏன் வரவில்லை? டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். காற்றுவழி அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் கூடி, இந்த வண்டிகளில் உள்ள பம்ப் அதை எதிர்த்து உறிஞ்ச முடியாமல் தோற்றுவிடும். அந்தப் பம்ப் கிராங்க் அறையின் அழுத்த ஏற்ற இறக்கத்தில் அசையும் ஒரு மெல்லிய சவ்வுதானே! என் வண்டியில் டேங்கின் காற்று டியூப் ஹேண்டில் கம்பிக்கடியில் நசுங்கியிருந்தது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நின்றது. மூடியைத் திறந்தபோது எழுந்த உறிஞ்சொலியால்தான் கண்டுபிடித்தேன். நீங்களும் ஏரியின் நடுவில் மூடியைத் திறந்தீர்கள். வண்டியைக் கிளப்பியது நீங்கள் காத்திருந்த நேரமன்று, திறந்த அந்த மூடி. அன்றே மாற்றிய டியூப்களில் டேங்கின் காற்று டியூபும் ஒன்றா? பழையது இன்னும் இருக்கிறதா?

உறைந்த ஏரி எழுதியது:

பதில் எழுத நான்கு நாள் ஆனதற்கு மன்னிக்கவும். பழைய சாமான்களை எறிய மனம் வராதவன் என்பதால் காயில், டியூப்கள் எல்லாம் ஒரு டப்பாவில் அப்படியே கிடந்தன.

முதலில் பழைய காயிலை அளந்தேன்: அறைச் சூட்டில் 190 ஓம். முடி உலர்த்தியால் கை பொறுக்காத அளவுக்குச் சூடாக்கி, சூடாக்கியபடியே அளந்தேன்; மெல்ல மெல்ல ஏறி 225 ஓமில் நின்றது. செப்புக் கம்பி சூடானால் அந்த அளவுக்கு ஏறுவது இயல்பே. ஒருமுறைகூட எண் தாவவில்லை, மறையவில்லை. மீட்டர் முனைகளை அசைத்தும், காயிலை மேசைமீது தட்டியும் பார்த்துவிட்டேன்.

பிறகு டியூப்கள். டேங்க் மூடியின் பக்கத்திலிருந்து வரும் மெல்லிய டியூபின் ஒரு முனையை வாயில் வைத்து ஊதினேன். கன்னம் உப்பியதே தவிர மறுமுனையில் காற்று வரவில்லை. பிளேடால் நீளவாட்டில் கிழித்துப் பார்த்தால், முனையிலிருந்து ஒரு விரல் தூரத்தில், ஏதோ பூச்சி கோடையில் மண்ணால் கட்டிய கூடு. ஓரத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் இருந்தது. இருபது நிமிடம் ஓட அந்தக் கீறல் போதுமானதாக இருந்திருக்கிறது போலும்.

மேல் கவர் வண்ணம் பூசியதுதான். மூடியைத் திறந்தபோது 'ஸ்ஸ்' என்றொரு சத்தம் கேட்டதும் உண்மை. அதைக் காற்று என்று எண்ணிக்கொண்டேன். அன்று காற்றே இல்லை என்று முதல் பதிவில் நானே எழுதியிருக்கிறேன்.

கருகிய பிஸ்டன் அவர்களுக்கு ஒரு கேள்வி. ஒவ்வொரு முறையும் நிற்பதற்கு முன் அந்த இஞ்சின் பெட்ரோல் போதாமல்தான் ஓடியிருக்க வேண்டும். சைலன்சரைக் கழற்றி, வெளியேற்றும் துளை வழியாகப் பிஸ்டனின் பக்கத்தை டார்ச் அடித்துப் பார்க்கப்போகிறேன். செங்குத்தான கீறல்கள் தெரிந்தால் சிலிண்டர் தலையைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா, கம்ப்ரஷன் சோதனையில் இரண்டு சிலிண்டர்களுக்கும் பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இல்லையென்றால் இந்தப் பருவம் ஓட்டலாமா?