புதுப்பிப்பு: வெளிநாடு போகுமுன் ஸ்பானிஷ், எனக்குக் கைகொடுத்த வழி

வெளிநாடு போகுமுன் ஸ்பானிஷ் கற்க எது நல்ல வழி என்று மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன். செயலியைக் குறைத்துவிட்டு, நீங்கள் சொன்னபடி வாரம் மூன்று நாள் ஆளோடு பேச ஆரம்பித்தேன், அப்புறம்தான் வாய் திறந்தது. 'பெரோ' என்றால் 'ஆனால்', றகரத்தை உருட்டி 'பெறோ' என்றால் நாய். ர, ற வித்தியாசம் நாக்கில் இருப்பவர்களுக்கு இது எளிது. கஷ்டம் கொடுத்தது வினைச்சொல்தான். 'களைப்பாக இருக்கிறேன்' என்பதில் வரும் 'இருக்கிறேன்' 'எஸ்தொய்', 'ஆசிரியராக இருக்கிறேன்' என்பதில் வருவது 'சொய்', இதைத் தினமும் பத்து வாக்கியமாகச் சத்தமாகச் சொல்லித்தான் பிடித்தேன். இன்னொன்று, போகிற நாட்டுப் பேச்சையே கேளுங்கள்: நண்பர்கள் கூட்டத்தைப் பார்த்து 'நீங்கள்' என்று சொல்ல ஸ்பெயினில் பெரும்பாலும் 'போசோத்ரோஸ்' என்பார்கள், லத்தீன் அமெரிக்காவில் 'உஸ்தேதெஸ்'. பதில் எழுதிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.